உடைந்த பல் செட்

காலை மணி 9.10. காணாமல் போனது ஒரு வாய்.

வாய் என்றதும் பதற வேண்டாம். வெள்ளை பிளாஸ்டரில் வார்த்த பல் அச்சுதான். மேல்வரிசை, கீழ்வரிசை, கீழே முன்பல் ஒன்று மட்டும் வரிசையில் நிற்கப் பிடிக்காமல் லேசாகத் திரும்பியிருக்கும். எட்டு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோன, அந்த வீட்டுக் கடைசித் தங்கையின் பற்கள் அவை. இரண்டு வரிசைக்கும் நடுவே, பஞ்சில் சுற்றி, அவள் போட்டிருந்த தங்கத் தோடு. நேற்று மாலை வரை மாடி அறை அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. இன்று அங்கே தூசி படியாத ஒரு வட்டம்தான் மிச்சம்.

பறிகொடுத்தவரைத் தெருவே பல்லக்கா என்றுதான் கூப்பிடும். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுப்பது தொழில். முப்பத்தைந்து வருடமாக அதே மாடி, அதே மேஜை, காதைத் துளைக்கும் தேய்ப்பு மெஷின். ஆனால் போலீசுக்குப் போன் செய்தது அவர் இல்லை; கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன்.

10.05. இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தச் சின்னத் திருட்டுக்கு ஓர் ஏட்டை அனுப்பியிருக்கலாம். ஆனால் புகாரில் இருந்த முகவரி அவரை உட்கார விடவில்லை. இறந்துபோன தங்கையும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். துக்கத்துக்கு வந்து போன பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையே என்று எட்டு வருடமாக அவருக்கு உறுத்தல்.

"வாம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு," என்று அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பின்பக்கம் குடியிருக்காளே தையல்காரி, அவ வேலைதான். அஞ்சு வயசுல ஒரு பொண்ணு வெச்சிருக்கா. அது மூணு மாசமா, போன ஜென்மத்துல நான்தான் உன் தங்கச்சின்னு மாடியில போய்க் கதை விடுது. மாடியில இருக்கிறவளும் நம்பி உருகுறா. இப்ப தோடு போச்சு, அடுத்தது வீடு போகும். நீ அந்தத் தையல்காரியை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ. நான் சாமானைத் தூக்கித் தெருவுல வைக்கிறேன்."

"குழந்தை என்னதான் சொல்லுது?"

"எங்க வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சதெல்லாம் சொல்லுதும்மா. சின்னவ தண்ணித் தொட்டியில விழுந்தது, அவ பூனைக்கு வெச்ச பேரு, எல்லாம். தையல்காரி வந்து நாலே வருஷம். யாரையோ தோண்டித் துருவி விசாரிச்சு, அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கா."

10.20. இன்ஸ்பெக்டர் மாடிக் கதவை மூன்று முறை தட்டினார். பதிலில்லை. உள்ளே போனால் பல்லக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பிரஷ்ஷால் ஒரு பல்லுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மெஷின் ஓடவில்லை. தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"தட்டிட்டு வரக் கூடாதாடி?"

"தட்டினேன்க்கா. மூணு தடவை."

"தட்டினா எனக்குக் கேக்காதா? என் காதுக்கென்ன குறைச்சல்." அந்தக் குரல் அடுத்த தெருவுக்கே போயிருக்கும்.

இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேஜைக்கு மேலே சுவரில் பெரிய கடிகாரம். மேஜையைச் சுற்றித் தரை வரை தொங்கும் தடித்த துணி, பிளாஸ்டர் தூள் பறக்காமலிருக்க. பக்கத்தில் ஒரு காலி ஸ்டூல்.

"புகாரைக் கிழிச்சுப் போடு," என்றார் பல்லக்கா. "எனக்குத் தோடும் வேண்டாம், அச்சும் வேண்டாம். அவளே வந்துட்டா. தையல்காரியை மட்டும் துரத்திடாதீங்க. அவ போனா குழந்தையும் போயிடும். ஒருத்தியையே ரெண்டு தடவை பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லடி."

"பழைய கதையெல்லாம் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யார்கிட்ட சொல்ல? நான் வாயைத் திறக்கிறதே சாப்பிடத்தான். வேலை செய்யறப்போ மனசுக்குள்ள அவகிட்ட பேசிக்குவேன். அதோட சரி."

11.15. பின்பக்க வீட்டில் தையல்காரி கழுத்தில் அளவு நாடாவோடு எழுந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், நான் ஒண்ணும் சொல்லித் தரல. இது பாட்டுக்கு உளறுது. நான் தைக்க உட்கார்ந்தா நிமிரவே நேரமிருக்காது. இது வெளியில விளையாடிட்டிருக்கும்னு நினைச்சுக்குவேன்."

குழந்தையை அந்த வீட்டில் எல்லாரும் பொடிசு என்பார்கள். பொடிசின் இரண்டு முழங்காலிலும் வெள்ளையாக மாவு பூசியிருந்தது. இன்ஸ்பெக்டர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"நான் யாருன்னு தெரியுதா?"

"போலீஸ்."

"போலீஸ் ஆகறதுக்கு முன்னாடி?"

பொடிசு உதட்டைப் பிதுக்கியது.

"பல் மேஜைக்கு மேலே சுவத்துல என்ன மாட்டியிருக்கு?"

"தெரியல."

"மேஜைக்கு அடியில?"

"சூயிங்கம் ஒட்டியிருக்கு. பச்சை. கல்லு மாதிரி ஆயிடுச்சு."

"ஒரு நாள் புது பல் செட் ஒண்ணு கீழே விழுந்து உடைஞ்சுதாமே. தெரியுமா?"

"நான்தான் உடைச்சேன்," என்றது பொடிசு சட்டென்று. "ஸ்கூல் விட்டு வந்ததும் கையில எடுத்தேன், போட்டுட்டேன். அக்கா முதுகுல ரெண்டு வெச்சா. ஒரு மாசம் பேசவே இல்ல."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

பொடிசின் கண் மட்டும் மூலையிலிருந்த பட்டன் டப்பா பக்கம் போய்ப் போய் வந்தது. இன்ஸ்பெக்டர் டப்பாவைத் திறந்தார். பட்டன்களுக்கு நடுவே பிளாஸ்டர் பற்கள் இளித்தன. பஞ்சுக்குள் தோடும் பத்திரமாக இருந்தது.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல," என்றார் கதவோரம் நின்ற அண்ணன். தையல்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு மணி வரைக்கும் யாரும் எங்கேயும் போக வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "சாமான் மேலயும் யாரும் கை வைக்க வேண்டாம், அண்ணா."

பிற்பகல் 3.00. பல்லக்கா சாப்பிட்டு வேலைக்கு உட்காரும் நேரம். மாடிப்படியின் பாதியில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்: இன்ஸ்பெக்டர், அண்ணன், தையல்காரி, அவள் மடியில் பொடிசு. யாரும் மூச்சு விடக் கூடாது என்பது இன்ஸ்பெக்டரின் உத்தரவு.

மேலே மெஷின் கிளம்பியது. அதையும் மீறிக்கொண்டு ஒரு குரல் கணீரென்று வந்தது.

"ஏண்டி, இன்னைக்கு உன் பிரெண்டு வந்தா, பாத்தியா? தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. நீ இருந்திருந்தா உனக்கும் நரைச்சிருக்கும், சிரிக்காதே. உன் தோட்டைக் காணோம்னு அண்ணன் குதிக்கிறான். உன்னோடதுதானே, வேணுங்கிறப்போ எடுத்துக்கோன்னு நானே தினமும் சொல்றேன்ல. எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்," என்றது பொடிசு, அம்மா மடியிலிருந்து, மெல்ல.

அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பல்லக்கா இத்தனை வருடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததை, கீழேயே குடியிருந்தும், மெஷின் இரைச்சல் என்று விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் மேலே வந்து கேட்டதில்லை.

எல்லாரும் மேலே போனார்கள். இன்ஸ்பெக்டர் மெஷினை நிறுத்திவிட்டு மேஜைத் துணியைத் தூக்கினார். அடியில் ஒரு துணிப் பொம்மை, நாலு பட்டன், ஒரு பென்சில் துண்டு.

"அக்கா, முப்பத்தஞ்சு வருஷ மெஷின் சத்தம் உங்க காதைத் தின்னுடுச்சு. மனசுக்குள்ள பேசறதா நினைச்சுக்கிட்டு வாய்விட்டுப் பேசறீங்க. இவ தினமும் இதுக்குள்ள உட்கார்ந்திருக்கா. அறையில வேற யாருமில்ல. நீ தொட்டியில விழுந்தே, நீ பூனை வளர்த்தேன்னு நீங்க சொன்னதெல்லாம் தனக்குத்தான்னு எடுத்துக்கிட்டா. தோட்டையும் நீங்க கொடுத்ததாத்தான் எடுத்திருக்கா. அவங்கம்மாவுக்கு இதுல எதுவுமே தெரியாது."

பல்லக்கா பிடிவாதமாகத் தலையாட்டினார். "அவளாவே இருக்கலாமே. அவளா இருந்தா என்ன தப்பு?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதினொரு வயதில் சொல்லியிருக்க வேண்டியதை நாற்பத்திரண்டு வயதில் சொல்வது லேசில்லை.

"பல் செட்டை உடைச்சது அவ இல்லக்கா. நான். ஆசையா எடுத்துப் பார்த்தேன், கை நழுவிடுச்சு. நீங்க வர்ற சத்தம் கேட்டதும் அழ ஆரம்பிச்சுட்டேன். எங்க வீட்டுல தெரிஞ்சா என் படிப்பையே நிறுத்திடுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். தான்தான் உடைச்சதா சொல்லி அடி வாங்கிக்கிட்டா. அவளே திரும்பி வந்திருந்தா, காலையில என்னைப் பார்த்ததும் கண்ணடிச்சிருப்பா. இவளுக்கு நீங்க நம்பின கதைதான் தெரியுது. மறுபிறவி உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. இந்த விஷயத்துல இல்ல. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

பல்லக்கா அச்சை வாங்கி மடியில் வைத்து, அந்தத் திரும்பிய முன்பல்லைக் கட்டைவிரலால் தடவினார். அழப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஒரு மாசம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருந்தேனே," என்றார். "அப்பவும் சொல்லல. காய்ச்சல்ல படுத்திருந்தப்போகூட வாயைத் திறக்கல. எமகாதகி." அப்புறம் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. "எட்டு வருஷமா அரைச்ச மாவையே அரைச்சிட்டிருக்கேன். இன்னைக்குத்தான் அவளைப் பத்திப் புதுசா ஒண்ணு கேக்கறேன். நீ நல்லா இருடி. இதைக் கொண்டுவந்து கொடுத்தியே."

"அப்போ நான் யாரு?" என்றது பொடிசு. நியாயமான கேள்விதான்.

பல்லக்கா அந்தக் காலி ஸ்டூலை இழுத்துப் போட்டார். "யாருமே இல்லன்னு நினைச்சுப் பேசிட்டிருந்தேன். நீ இருந்திருக்கே. இனிமே மேலே உட்கார்ந்து கேளு, முட்டியெல்லாம் வெள்ளையாகுது பார்." பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார். "நீ எங்கேயும் போக வேண்டாம்மா. உன் பொண்ணு எனக்குத் துணையா இருந்திருக்கா, அதுக்கு நான் உனக்கு நன்றி சொல்லணும்."

அண்ணன் யாரும் கேட்காமலே புகார்த் தாளை நான்காகக் கிழித்தார். தையல்காரியைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

4.10. இன்ஸ்பெக்டர் படியிறங்கும்போது மெஷின் மறுபடி கிளம்பியது. "ஏண்டி கள்ளி, என்கிட்டயே மறைச்சியா?" என்று குரல் தெரு வரை வந்தது; கூடவே பொடிசின் சிரிப்பும்.

கடைசிப் படியில் அவர் நின்றார். அன்று முதுகில் விழுந்த அந்த இரண்டு அடியால்தான் தன் படிப்பும், இந்தக் காக்கிச் சட்டையும், எல்லாமும் வந்தன என்று அவருக்குத் தெரியும். இதுவரை மனசுக்குள் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததை இன்று வாய்விட்டே சொன்னார்.

"தேங்க்ஸ்டி."

யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று ஜீப்பை நோக்கி நடந்தார்.