எட்னா டோலனின் நாடித்துடிப்பு

இல்லாத ஒருத்திக்கு நாடித்துடிப்பு தொண்ணூற்று நான்கு என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

நெரிடா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை மறுபடியும் பார்த்தாள். நோயாளியின் பெயர் எட்னா டோலன். ஆறாம் எண் கட்டில். இந்த எட்னா டோலனை இன்று மத்தியானம் உண்டாக்கியவளே நெரிடாதான். பயிற்சிக்காக ஒப்புக்குச் சேர்த்த பொம்மை நோயாளி. வயிற்றுவலி என்று போட்டு, நாடி எழுபத்திரண்டு என்று எழுதிவிட்டு, தேநீர் போட்டுக்கொண்டு வரப் போயிருந்தாள். திரும்பி வந்தால் அந்த எழுபத்திரண்டுக்குக் கீழே இன்னொரு வரி முளைத்திருந்தது.

"வெண்டெல், இது உங்க வேலைதானே?"

கதவருகே பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார். ஒல்லியான மனிதர். சிரித்தால் முகம் முழுக்கப் பல்லாகிவிடும்.

"எது?"

"எட்னாவுக்கு நாடி ஏறியிருக்கு. நான் எழுதல."

"உன் கை பட்டு ஏதாவது ஏறியிருக்கும். நான் ஏம்மா விளையாடப் போறேன்? கிளப்புல இன்னிக்குச் சீட்டுக் குலுக்கல், கறிதான் பரிசு. போன வாரம் ஒரே ஒரு நம்பர் வித்தியாசத்துல ஆட்டுக்கால் கைவிட்டுப் போச்சு." அவர் தன் கார்டைக் கதவில் தேய்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. "சேர்த்தாச்சு, எழுதியாச்சு. இனிமே டிஸ்சார்ஜ் பண்ணு. பண்ணினா பாஸ். பண்ணலைன்னா எட்னாவோட நீயும் இங்கயே கிட."

"நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில?"

"வந்திருந்தா என் பொண்டாட்டி ஏன் ஓடிப்போறா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கதவு அதன் போக்கில் மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.

நெரிடா சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. சர்க்கரை ஆலை கேன்டீனில் பதினோரு வருஷம் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் கறி அடைத்த பலகாரம் சுட்டுப் போட்டு, அவர்கள் வாயையும் அடக்கியவள். ஆலை கேன்டீனை மூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்த மருத்துவமனையில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிவு செய்யும் வேலைக்கு ஆறு வாரப் பயிற்சி. மற்றவர்களெல்லாம் நேற்றே முடித்துவிட்டார்கள். மகள் பிப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து ஒருநாள் வராமல் போனதால் இவள் மட்டும் பாக்கி. இன்று முடித்தால் திங்கள்கிழமை வேலை. ஐந்து மணிக்குப் பிப்பா எதிர்ப் பள்ளியிலிருந்து சாலையைக் கடந்து வந்து, கார் நிறுத்துமிடத்து அத்திமரத்தடியில் நிற்பாள். எட்டு வயதுக் குழந்தை. காத்திருக்க வைத்தால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளும்.

முதல் மாடியிலிருந்த அந்த அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மரம் தெரியும். ஜன்னலைத் திறந்தால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். அதற்குமேல் இரும்புப் பட்டை தடுக்கும். ஒரு காலத்தில் இது பெண்கள் வார்டு. கட்டில்களை அகற்றி மேசைகளைப் போட்டுவிட்டார்களே தவிர, கூரையில் திரைச்சீலை ஓடும் கம்பிகளும் சுவரில் பிராணவாயுக் குழாய்களின் வாய்களும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் பழைய கட்டில் எண் வெளிறிப் போய்க் கிடந்தது. நெரிடாவுடையது ஆறு. வெளியே எங்கோ கரும்புக்காட்டைக் கொளுத்தியிருந்தார்கள். கரும்புச் சாம்பல் கருப்பாக மிதந்து வந்து ஜன்னல் விளிம்பில் படிந்தது. ஆலையின் பாகு வாசனை அறைக்குள் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னல் விளிம்புக்குக் கீழே பெயிண்டில் நகத்தால் கீறியதுபோல ஒரு பெயர் இருந்தது. எட்னா டோலன். நெரிடா அங்கிருந்துதான் அதை எடுத்தாள். பெயர் கிடைத்தது, பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் எங்கே போவது? கற்பனை ஓடவில்லை. தன்னுடையதையே போட்டுவிட்டாள்.

முதல் நாளே வெண்டெல் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்னார்: "உசிரோட இருக்கறவங்க விவரம் போடாதீங்க. செத்தவங்களோடதும் வேண்டாம். எல்லாம் சுத்தப் பொய்யா இருக்கணும். பாதிப் பொய் போட்டா, ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு இது நினைச்சுக்கும். அப்புறம் பிரிக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துரும்."

யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை இரவானால் பொம்மை நோயாளிகள் எல்லாரையும் அழித்துவிடுவார்கள்தானே.

'டிஸ்சார்ஜ்' என்ற பொத்தானை அழுத்தினாள். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: நாடித்துடிப்பு ஏறியுள்ளது. நோயாளியை அனுப்ப இயலாது.

அந்தத் தொண்ணூற்று நான்கு. சனியன் பிடித்த தொண்ணூற்று நான்கு. அதை அழிக்கப் பார்த்தாள், அழியவில்லை. என்னமோ தோன்றி, வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். ஒரு நிமிஷம் முடிந்தபோது தொண்ணூற்று நான்கில் நின்றது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் புது வரி வந்தது. நாடி நூற்று எட்டு. அதற்கும் கீழே, செவிலியர் குறிப்பு எழுதுகிற இடத்தில், எழுத்து எழுத்தாக ஒரு வாக்கியம் ஊர்ந்து வந்தது.

நோயாளி தன் நாடியைத் தானே எண்ணிப் பார்க்கிறார்.

நெரிடா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மேசைகளுக்கு அடியில் பார்த்தாள், மூலையிலிருந்த அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. கேமரா வைத்து விளையாடுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு வெண்டெலுக்கு போன் போட்டாள். மணி நெடுநேரம் அடித்தது.

"சொல்லு டாக்டரம்மா."

"போதும் வெண்டெல். சிரிப்பு வரல எனக்கு. யாரோ உள்ள எழுதிட்டே இருக்காங்க. நான் பண்றதையெல்லாம் எழுதறாங்க."

"நான் கேட்ல நிக்கிறேன்மா, கரும்பு ரயில் போயிட்டிருக்கு. என் கையில ஸ்டியரிங்தான் இருக்கு." பின்னால் பெட்டிகள் தடதடவென்று போவது கேட்டது. அவர் குரலில் கேலி இல்லை. "ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல எழுதினவங்க பேரு இருக்கும் பாரு. யாரு?"

அவள் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் பெயர் இருந்தது.

"எட்னா டோலன்."

"அது பேஷண்ட்டு. எழுதினது யாருன்னு கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். எழுதினது எட்னா."

ரயில் ஊதியது. அவர் ஏதோ சொன்னார், ஊதலில் அது அமுங்கிப் போனது. ஊதல் நின்றபோது இணைப்பு இல்லை. போனில் சிக்னல் கோடுகளும் இல்லை. எழுதுகிறவள் எட்னா என்றால் நோயாளி யார் என்ற கேள்வி நெரிடாவுக்குள் எழுந்தது.

போதும். பாஸும் வேண்டாம், வேலையும் வேண்டாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால் போதும். கழுத்தில் தொங்கிய கார்டை எடுத்துக் கதவில் தேய்த்தாள். சிவப்பு. இன்னொரு தடவை தேய்த்தாள். சிவப்பு. கார்டைச் சட்டையில் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே நடைகூடம் தெரிந்தது. துப்புரவுக்காரி ஒருத்தி வாளித்தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க! கதவு மாட்டிக்கிச்சு! திறந்து விடுங்க!"

அவள் நின்றாள். கண்ணாடி வழியே நெரிடாவைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. பல வருஷமாக இந்த வார்டைத் துடைப்பவள் பார்க்கும் பார்வை. "தோ வந்துருவாங்கம்மா," என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. "போய்ப் படுத்துக்க."

வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

கணினித் திரையில் வரிகள் தானாக மேலே ஏறின. நோயாளி கதவைத் தட்டுகிறார். கூச்சலிடுகிறார். தூங்குவதற்கு ஊசி போடப்பட்டது.

இடது புஜத்தில் எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி ஈரம். பாகு வாசனை போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் பழைய ஆஸ்பத்திரிகளின் கார்பாலிக் சோப்பும் ஆறிப்போன பாலும் நாறின. தலைக்கு மேலே, கூரைக் கம்பியில், திரைச்சீலையே இல்லாத கம்பியில், வளையம் ஒன்று நகர்ந்தது. இன்னொன்று.

கண் சொருகியது. சொருகக் கூடாது. அவள் தன்னைத்தானே கிள்ளிக்கொண்டு மேசைக்கு வந்தாள். எட்னாவின் பிறந்த தேதியை மாற்றினால் போதும். முகவரியை மாற்றினால் போதும். பாதிப் பொய்யை முழுப் பொய்யாக்கிவிட்டால் எட்னா வேறு, நான் வேறு.

திரையில் இரண்டு பெயர்கள் அக்கம்பக்கமாக நின்றன. எட்னா டோலன். நெரிடா பொனாசி. ஒரே பிறந்த தேதி. ஒரே தெரு, ஒரே கதவு எண். இருவரும் ஒருவரே எனத் தோன்றுகிறது. ஒரு பதிவை வைத்துக்கொண்டு மற்றதை மூடவும்.

இந்தப் பாடம் அவளுக்குத் தெரியும். மூடப்பட்ட பெயரைத் தேடினால் பிறகு கிடைக்காது. 'இருவரும் வேறு வேறு' என்ற கட்டத்தை அழுத்தினாள்.

நோயாளியிடம் கேட்டு உறுதி செய்யவும்.

அவ்வளவுதானே. ஆறு வாரமாக மனப்பாடம் செய்த கேள்வி. யாராக இருந்தாலும், தெரிந்த முகமாகவே இருந்தாலும், மருந்து கொடுக்குமுன், ஊசி போடுமுன், அனுப்புமுன், கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

பின்னாலிருந்து அதை யாரோ கேட்டார்கள்.

"முழுப் பேரு சொல்லும்மா."

வறண்ட தொண்டை. நெடுநாள் பேசாத தொண்டை. ஆனால் அந்த இழுவை அவளுடையது. நெரிடாவின் குரலேதான்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பேர் தெரியும். முப்பத்தாறு வருஷமாகத் தெரிந்த பேர். வாயைத் திறந்தாள். நாக்குக்கு அடியில் அதைத் தேடினாள். ஆலை கேன்டீன் தெரிந்தது. பிப்பாவின் மூச்சிரைப்பு மருந்து தெரிந்தது. பேர் எங்கே?

"எட்னா," என்றாள். "எட்னா டோலன்."

"நல்லது."

ரப்பர் செருப்புச் சத்தம். நெருங்கியது. கழுத்திலிருந்து கார்டுக் கயிறு மேலே எழுந்தது. கார்டு போனது. நாற்காலி முதுகில் தொங்கிய அவளுடைய மஞ்சள் கம்பளிச் சட்டை போனது. பையும் போனது. கதவில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. சாத்தியது.

திரையில் டிஸ்சார்ஜ் முடிந்திருந்தது. அனுப்பப்பட்டவர்: நெரிடா பொனாசி.

பிப்பா.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். ஓட வரவில்லை, முட்டி மடங்கியது. ஜன்னலைத் திறக்கிற மட்டும் திறந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சுருங்கியிருந்தது. நரம்பு புடைத்து, நகம் மஞ்சள் பூத்து, மணிக்கட்டில் நோயாளிகளுக்குக் கட்டும் வெள்ளைப் பட்டை.

கீழே வெயில். அத்திமரம். பிப்பா, பள்ளித் தொப்பியோடு, பையைக் காலடியில் வைத்து நின்றாள். மஞ்சள் கம்பளிச் சட்டைக்காரி ஒருத்தி அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அடியாக வைத்து வைத்து. தரை தாங்குமா என்று பார்ப்பதுபோல. நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தவள் நடப்பதுபோல.

பிப்பா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பிப்பா! அம்மா இங்க இருக்கேன்டி! பிப்பா!"

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. கண்ணுக்கு மேல் கையைக் குடையாக வைத்து, அந்த ஒரு கை அகல ஜன்னல் இடுக்கைப் பார்த்தது. சின்னக் குரல் தெளிவாக மேலே வந்தது.

"அம்மா, மேல ஒரு பாட்டி கத்துறாங்க. என் பேரைச் சொல்றாங்கம்மா."

மஞ்சள் சட்டை திரும்பவே இல்லை. கார்ச் சாவியைப் பையில் துழாவியது.

"யாரோ பேஷண்ட்டுடா கண்ணு. பாவம். ஒரு டாட்டா காட்டிட்டு வா."

பிப்பா நல்ல பிள்ளை. சொன்னதைக் கேட்கும். நெரிடாவைப் பார்த்துச் சிரித்தது. கையை ஆட்டியது.

அவள் தலைக்கு மேலே வளையங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து, ஆறாம் கட்டிலைச் சுற்றிக்கொண்டன.