மூன்றாவது ஸ்க்ரூ

காதல் வானத்திலிருந்து இறங்கிவரும் என்று அவன் எங்கோ படித்திருந்தான். அன்று அடித்த காற்றுமழையில், அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் இறங்கியது எட்டடி நீள பாலிகார்பனேட் கூரை ஷீட். பெயர்ப்பலகையில் வரைந்திருந்த பெரிய கண்ணைக் கீறிவிட்டு அவன் காலடியில் வந்து படுத்தது.

சண்டை போடாமல் விடுவதில்லை என்று ஷீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அடுத்த தெருவில், ஒரு வீட்டுச் சுவரோடு ஒட்டிப் போட்ட சாய்ப்பில் நடுப்பாகம் மட்டும் மொட்டையாக இருந்தது. கீழே, வாஷிங்மெஷினுக்குக் குடை பிடித்தபடி ஒருத்தி நின்றாள்.

திரும்பினாள்...

நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவன் அவன். கிட்டப் பார்வை, தூரப் பார்வை எல்லாம் அத்துப்படி. இந்தப் பார்வை எந்த நம்பர் என்றுதான் பிடிபடவில்லை. இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... கொண்டுவந்த சண்டை எங்கே போயிற்று?

"வந்துட்டியாப்பா? போன் பண்ணி எவ்வளவு நேரம்?" என்று வெளியே வந்தார் அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர். வேலையிலிருந்துதான் ஓய்வு, மேற்பார்வையிலிருந்து இல்லை. அந்தச் சாய்ப்பு அவர் கைப்படப் போட்டது. "கூரைக்காரன்னா இப்படி இருக்கணும். ஷீட்டோடயே வந்திருக்கான் பாரு."

'நான் கூரைக்காரன் இல்லைங்க' என்று சொல்ல வாயெடுத்தான்.

"மழை விட்டதும் நாளைக்கு வரீங்களா?" என்றாள் அவள்.

"வரேங்க" என்றது வாய். வாயிடம் யார் கேட்டது என்று அவனுக்கே புரியவில்லை.

கூரை வேலையில், செல்போனில் பார்த்த வீடியோக்களே அவனுடைய முழுப் படிப்பு. மறுநாள் ஏணியில் ஏறி, ஸ்பேனரைக் கரண்டிபோல் பிடித்துக்கொண்டு முடுக்கினான்.

"ஓட்டை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்க வேணாமா?" கீழேயிருந்து அவள் குரல். "வெயில்ல ஷீட் விரியுமே..."

"அதைத்தாங்க சொல்ல வந்தேன்."

"நான் போட்டப்ப இம்மிகூட அசையாம இறுக்கினேனே" என்றார் அப்பா.

"அதனாலதாம்ப்பா விரிசல் விட்டுப் பறந்துபோச்சு."

"பறக்கல. காத்துக்கு வழி விட்டுச்சு."

விரிசலை வெட்டி எடுத்து, ஓட்டைகளைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ரப்பர் வாஷர் போட்டு இறங்கினான். வேலை முடிந்தது. இனி இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் கிடையாது... மனசு வாஷர் இல்லாத ஓட்டைபோல் சொட்டியது.

அடுத்த மழையில் கூரையும் சொட்டியது. மூன்றாவது ஸ்க்ரூவில், வாஷரைக் காணோம்.

போட்டுவிட்டுப் போனான். அடுத்த மழையிலும் அதே இடம், அதே கதை. போட்டேனா... போட்டதாக நினைத்தேனா? கடையில் தன் கண்ணையே சோதித்துப் பார்த்தான். கடைசி வரி எழுத்துவரை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஒழுகுகிறது என்று போன் வந்தால் ஏன் சந்தோஷமாக இருக்கிறது? தன் வேலை கெட்டதற்கு எவனாவது சட்டைக்கு இஸ்திரி போடுவானா?

மூன்றாம் முறை ஏணியில் ஏறியபோது அப்பா முகம் சரியில்லை.

"தம்பி, நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லிட்டேன். வாஷர் போட்டேன் போட்டேன்னு பொய் சொல்றே. பொய் சொல்றவனுக்கு இந்த வீட்டுல இடமில்ல." சொல்லிவிட்டு உள்ளே போனார், தன் கூரை பறக்கவே இல்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தவர்.

இன்றோடு சரி. ஏணியின் நடுப்படியில் நின்றவனுக்கு ஏறுவதா இறங்குவதா என்று தெரியவில்லை.

"ஒண்ணு சொல்லணும்... நான் கூரைக்காரன் இல்லைங்க. கண்ணாடிக் கடைக்காரன்."

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"வந்த அன்னிக்கே. கூரைக்காரங்க வந்ததும் கூரையைப் பார்ப்பாங்க."

அவனுக்குக் காது மடல் சுட்டது. அவள் உள்ளங்கையை விரித்தாள். இரண்டு ரப்பர் வாஷர்கள்.

"மாடி ஜன்னல்ல இருந்து எனக்கு எட்டறது அந்த மூணாவது ஸ்க்ரூ மட்டும்தான்..."

"நீங்களா? ஏங்க?"

"ஒழுகலைன்னா வருவீங்களா?"

ஏணி ஆடியதா, அவன் ஆடினானா... "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்று நாலடி உயரத்திலிருந்து சொன்னான். இறங்கிச் சொல்லும் பொறுமை இல்லை.

வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"அப்போ..." என்றார் மெதுவாக. "கூரை தானா ஒழுகல?"

"இல்லைப்பா. நான்தான்..."

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "நான் போட்ட கூரைடா! வேற ஆளு வேணாம்னு போன் பண்ணிடறேன். தம்பி, இறங்கி வந்து உக்காருங்க. இது தானா ஒழுகலன்னு தெருவுல நாலு பேருக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அவர் போனைத் தேடிப் போனதும், அவள் ஒரு வாஷரை அவனிடம் நீட்டினாள். இன்னொன்றை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது?"

"இருக்கட்டும்..." என்றாள். "உங்களுக்கு மட்டும்தான் சொல்லத் தெரியுமா? எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."