கடைசிப் பதினாறு பக்கங்கள்

"ஹலோ... ஹலோ, உங்களைத்தான்! புத்தகம் நனையுது!"

பஸ் நிறுத்தத்தின் ஓரத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. அவன் கையிலிருந்த புத்தகத்தின் விளிம்பில் ஊதா நிற முத்திரை. அவள் தினமும் தன் கையால் குத்தும் முத்திரை... தெரியாதா அவளுக்கு?

"அது எங்க நூலகத்துப் புத்தகம். உள்ள தள்ளி நில்லுங்க."

"நானும்தான் நனையறேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே?"

"நீங்க காஞ்சிடுவீங்க. புத்தகம் காயாது."

அவன் சிரித்தான். இமையில் நின்ற மழைத்துளி கன்னத்தில் உருண்டது. பெரிய கண்கள்... எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற கண்கள். அவளுக்குக் கோபம் வந்தது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஏனோ சிரிப்பு வந்தது. கோபம் நிஜமா, சிரிப்பு நிஜமா என்று வீடு போய்ச் சேரும் வரை பிடிபடவில்லை.

மறுநாள் காலை ஊழியர் அறையில் தலைமை நூலகர் மேடம் ஒருவனை அறிமுகப்படுத்தினார்.

"இவர் பைண்டர். கிழிஞ்சு கிடக்கிற புத்தகத்தை எல்லாம் தைச்சு முடிக்கிற வரைக்கும் நம்மகூட இருப்பார்."

அவன் நேராக அவளைப் பார்த்துச் சொன்னான். "காஞ்சிட்டேன் மேடம்."

மற்றவர்கள் புரியாமல் விழிக்க, அவள் அவசர அவசரமாகத் தன் கவுன்டருக்கு ஓடினாள்.

அதன் பிறகு நூலகத்துப் புத்தகங்களுக்கெல்லாம் திடீரென்று உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. நன்றாக இருந்த புத்தகத்துக்கும் முதுகு வலி, அட்டை வலி என்று ஏதாவது சொல்லி, பின்கட்டிலிருந்த பைண்டிங் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் ஊசியில் நூல் கோர்ப்பான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கவுன்டரில் நடந்த கூத்தையெல்லாம் சொல்வாள். அவன் சிரிப்பான்... ஆனால் எதுவும் சொல்ல மாட்டான். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. சில நாள் இருக்கிற மாதிரி இருக்கும். சில நாள், இவன் எல்லாரிடமும் இப்படித்தானோ என்று தோன்றும்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை கதவு திறக்கும் முன், ஊழியர்கள் எல்லாரும் டீயோடு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சமீபத்தில் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டு நழுவக் கூடாது... அது மேடத்தின் கண்டிப்பான உத்தரவு.

அந்தத் திங்கட்கிழமை, பத்திரிகைப் பிரிவு அண்ணன் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றைப் பிடிபிடியென்று பிடித்தார். "அவர் சொன்னபடியே தண்ணி ஊத்தினேன் மேடம். செடி செத்துப்போச்சு. எழுதினவர் செடியே வளர்த்ததில்ல!" குழந்தைகள் பிரிவு அக்காவோ, ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரனை மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்ட பெருமையில் இருந்தாள்.

அவள் முறை வந்தது. அவள் படித்தது ஒரு காதல் நாவல். துறைமுக ஊரில் வேலை பார்க்கும் ஒரு பெண் 'நான்' என்று சொல்லும் கதை. வாயே திறக்காத ஒருவனை அவள் நேசிக்கிறாள்.

"கடைசியில அவ எதுவுமே கேக்கல. பெட்டியை எடுத்துக்கிட்டு, கப்பல் ஏறிப் போயிடறா. சொல்லாதவன்கிட்ட போய்க் கேக்கறது அவளுக்குக் கௌரவக் குறைச்சல். நான் அழுதுட்டேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு இடம் வருது... ஒரு வாக்கியம் பாதியில நின்னு, அடுத்த பக்கத்துல வேற எங்கேயோ தாவுது. மனசு உடையறதை அப்படியே எழுத்துல காட்டியிருக்காங்க. என்னா தாவல் மேடம் அது!"

"இல்லையே..." என்றது ஒரு குரல். பைண்டர்.

"என்ன இல்ல?"

"அவ போகலையே. துறைமுகம் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து அவன் கதவைத் தட்டுறா. 'உனக்கு வாயே இல்லையா'ன்னு கேக்குறா. நான் முன்னாடி வேற ஊர்ல இருந்தப்போ படிச்சிருக்கேன்."

"எந்தக் கதவு? கதவே வரலையே அதுல!"

"தாவலும் எதுவும் வரலையே..."

"நான் போன வாரம் படிச்சவ!"

"கடைசியில கொஞ்சம் கண் அசந்திருப்பீங்க..." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மேசையே கொல்லென்று சிரித்தது. மேடம்கூட டீக் கோப்பைக்குப் பின்னால் சிரித்தார்.

அலமாரிக்கு ஓடிப் பார்த்தாள். புத்தகத்தை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். முகம் சுட்டது. படிக்காமலே படித்த மாதிரி பேசுகிறவள் என்று நூலகத்தில் பேர் வாங்குவதைவிட வேறு அவமானம் உண்டா? அதுவும் அவன் வாயால்!

ஆனாலும் ராத்திரி படுக்கும்போது சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே தூங்கிவிட்டேனா? அந்தக் கப்பல், அந்தப் பெட்டி... எல்லாம் என் கனவா? பஸ்ஸில் படித்த புத்தகம்தானே... ஐயோ, பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு?

அந்த வாரம் முழுக்க பைண்டிங் அறைப் பக்கமே போகவில்லை. ஒரு தடவை அவனே கவுன்டர் வரைக்கும் வந்து நின்றான். எதற்கோ வாயைத் திறந்தான். "வரிசையில வாங்க" என்று ஒரு போடு போட்டாள். அவன் திரும்பிப் போய்விட்டான். போனானே என்று அவளுக்கே அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா துணி மடித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "போட்டோ அனுப்பின அந்தப் பையன் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. நல்ல இடம். சரியா, இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி. உன் மனசுல வேற யாராவது இருக்காங்களா?"

இருக்கிறானா? அவன் ஒன்றும் சொல்லவில்லையே. நானா போய்க் கேட்பது? பெட்டியோடு கப்பல் ஏறிய அந்தப் பெண் கண் முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்த தலை. திரும்பிப் பார்க்காத முகம்.

"யாரும் இல்ல. சரின்னு சொல்லிடும்மா."

"நிஜமாவா? அப்போ நாளைக்குக் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிடறேன்." அம்மாவின் முகம் மலர்ந்தது. அவள் மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் நீள மேசையில் பைண்டர் முதல் ஆளாக எழுந்து நின்றான். கையில் இரண்டு புத்தகங்கள்.

"போன வாரம் நான் படிச்சது இந்த ரெண்டும். ஒரே பதிப்பகம், ஒரே அச்செழுத்து, ஒரே காகிதம். ரெண்டுலயும் ஒரு பொண்ணு 'நான்'னு கதை சொல்றா. ரெண்டும் முதுகு விட்டு, கடைசிப் பதினாறு பக்கம் கழண்டு என்கிட்ட வந்துச்சு." எச்சில் விழுங்கினான். "இதோட கடைசியை அதுலயும், அதோட கடைசியை இதுலயும் வெச்சுத் தைச்சுட்டேன். சனிக்கிழமை புத்தகம் திரும்பி வந்தப்போதான் பார்த்தேன். இவங்க லீவுல இருந்தாங்க. இவங்க சொன்ன கப்பல் இதுல இருக்கு மேடம். இவங்க தூங்கல. தப்பு என்னோடது."

 பத்திரிகைப் பிரிவு அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்போ... அந்தத் தாவல்?"

எல்லாருடைய கண்களும் அவள் பக்கம் திரும்பின. தான் நிரபராதி என்று சந்தோஷப்படுவதா, பைண்டிங் கோளாறைப் புகழ்ந்து அழுததற்கு வெட்கப்படுவதா? ஒன்றும் புரியாமல் எழுந்தாள். கால்கள் அவளைக் கேட்காமலே பைண்டிங் அறைக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் அவனும் வந்தான். பசைக் கிண்ணத்தை எடுத்துக் கலக்கத் தொடங்கினான்... அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"எல்லார் முன்னாடியும்தானே உங்களைப் பார்த்துச் சிரிக்க வெச்சேன்."

"அந்தத் தாவலை எவ்வளவு புகழ்ந்தேன்..."

"என் வேலையை இதுவரைக்கும் யாரும் அப்படிப் புகழ்ந்ததில்ல."

"சிரிக்காதீங்க! உங்க கப்பலை நம்பி நேத்து அம்மாகிட்ட கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன்!"

கலக்கிய கை நின்றது. பசை விரலெல்லாம் வழிந்தது. அவன் கவனிக்கவில்லை.

"யாரோட?"

"தெரியாது. போட்டோவைக்கூடச் சரியாப் பார்க்கல."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீங்கதான் ஒண்ணுமே சொல்லலையே!" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த இரண்டு புத்தகங்களையும் அவன் பார்த்தான்.

"எட்டு வருஷமாத் தைக்கிறேன். ஒரு பக்கம் மாத்தி வெச்சதில்ல. அன்னைக்கு மட்டும் ஏன் மாறுச்சு தெரியுமா? நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தீங்க... எதையோ சொல்லிச் சிரிச்சீங்க. நான் எதை எடுத்தேன், எதுல வெச்சேன்... ஒண்ணும் தெரியல."

அவள் அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேலை முடிஞ்சா நான் போகணும். அதான் தைச்சதையே பிரிச்சுத் திரும்பத் தைக்கிறேன். மேடம் தினமும் திட்டுறாங்க. நிலையான வேலை இல்லாதவன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு..."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்? எனக்கு ஒண்ணுமே புரியல!"

"அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன்னு கேப்பாங்க. பைண்டிங் தப்பாயிடுச்சுன்னா சொல்ல முடியும்?"

"அப்போ..." முதல் முறையாக நிமிர்ந்து அவள் கண்களைப் பார்த்தான். "என்னைச் சொல்லுங்க."

அவள் போனை எடுத்தாள்.

"அம்மா... அவங்களுக்குப் போன் பண்ணிட்டியா? பண்ணலையா? அப்பாடா... பண்ணாத. வேண்டாம்மா... ஆமா, நேத்து சரின்னுதான் சொன்னேன்... இன்னைக்கு வேண்டாம்... காரணமா?"

அவனைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"காரணம் என் எதிர்லயே நிக்குதும்மா. இரு, போனை அவர்கிட்ட குடுக்க முடியாது, கையெல்லாம் பசை... காதுல வெக்கறேன், நீயே கேளு."

போனை எட்டி அவன் காதில் வைத்தாள்.  தொண்டையைச் செருமினான். அவளைப் பார்த்தான்... கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னான்.

"வணக்கம், அத்தை."