பெயர் சொன்ன குரல்

“பெத்தவ வீடு இங்க மலையாட்டம் நிக்கிது. பிள்ளை செக்காலை ரோட்டுல லாட்ஜ்ல படுத்துக் கெடக்கான்! ஊரு சிரிக்கிது சிகப்பி... ஊரு சிரிக்கிது!”

அடுக்களை நிலையில் சாய்ந்துகொண்டு விசாலி இதைச் சொன்னபோது மணி ஏழுகூட ஆகவில்லை. அவள் சிகப்பியின் நாத்தனார், கணவரின் அக்காள். வீடு அடுத்த தெருவில். தம்பி போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியும், தம்பி பெண்டாட்டியைக் குத்திக் காட்டாமல் அவளுக்குக் காலைக் காபி இறங்குவதில்லை.

சிகப்பி வெள்ளைப் பணியாரத்துக்கு அரைத்த மாவைக் கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். மகன் சாப்பிட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போன தடவை வந்தவன் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆனாலும் விடியுமுன்பே கை தானாகப் போய் அரிசியையும் உளுந்தையும் ஊற வைத்துவிட்டது.

“உசுரோட இருக்கையில என் தம்பிய அந்த ரூம்புக்குள்ள பூட்டி வச்ச. செத்த பெறகு அவன் பாட்டையும் பூட்டி வச்சிருக்க. இன்னைக்காச்சும் அந்த ரெக்கார்டரக் குடுத்துரு. அம்புட்டுத்தான் சொல்லுவேன்.”

“வரட்டும் ஆச்சி... பாப்போம்.”

“என்னத்தப் பாக்கப் போற? இத்தன வருஷமாப் பாக்குறியே, அந்தப் பாப்போம்!”

எண்ணெய் காய்ந்தது. முதல் கரண்டி மாவு விழுந்து, உப்பி, வெள்ளையாகவே மேலே வந்தது. சிகப்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கணவர் சினிமாவுக்குப் பாட்டு எழுதியவர். ஒரு காலத்தில் அவர் வரிகளைப் பாடாத டவுன் பஸ் கிடையாது. கல்யாண வீட்டில், டீக்கடையில், கோயில் திருவிழாவில், எங்கும் அவர் பாட்டுத்தான். ஆனால் யார் எழுதியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேசட் அட்டையில் கதாநாயகனின் படம் பெரிதாக இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். அவர் பெயர் இருக்காது. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அறுபது வயதில் திடீரென்று சென்னையை விட்டுக் காரைக்குடிக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு சினிமாவுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. தானே எழுதி, தன் கரகரத்த குரலிலேயே, பக்க வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடிப் பதிவு செய்தார். ஒவ்வொரு பதிவிலும் முதல் காரியமாகத் தன் பெயரைச் சொல்வார். “பாட்டு எழுதினது, பாடுறது...” என்று ஆரம்பித்துப் பெயரைச் சொன்ன பிறகுதான் பாட்டு. மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி அதில் இரண்டை சிடியாகப் போட்டது. யாரும் வாங்கவில்லை. ஊற்று வற்றிவிட்டது என்று ஒரு பத்திரிகை எழுதியது. அருவி மாதிரிச் சொல்லைக் கொட்டியவர், இப்போது வரிக்கு வரி நின்று நின்று திணறுகிறாரே என்று பழைய ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள்.

பழி முழுவதும் சிகப்பி மேல் விழுந்தது. சென்னைக்காரர்களோடு பழகக் கூடாதென்று பெண்டாட்டிதான் அவரை இழுத்து வந்து அடைத்துப் போட்டாள் என்றார்கள். பெரிய இசையமைப்பாளர் ஒருவர் காரில் வீடு தேடி வந்தபோது, அவள் முகப்பிலேயே மறித்து, “அவுக இனிமே எழுத மாட்டாக” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒரு வாய்க் காபி கொடுக்கவில்லை. விசாலி அதைக் கண்ணால் பார்த்தவள். லீவுக்கு வரும் மகன் முருகப்பனைக்கூட சிகப்பி அப்பாவோடு அதிக நேரம் உட்கார விடமாட்டாள். “அப்பச்சி தூங்குறாக தம்பி, அப்புறம் பேசலாம்...” அந்த அப்புறம் வரவே இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் முருகப்பன் அப்பாவின் அறையில் கடைசிப் பதிவு இருந்த ரெக்கார்டரை எடுத்துக் கேட்டான். அதில் அவரோடு ஒரு பெண்குரல் இருந்தது. அதுவும் அவர் பெயரை மொட்டையாகச் சொல்லும் குரல். “யாரு ஆத்தா இவ?” என்று கேட்டான். சிகப்பி வாய் திறக்கவில்லை. ரெக்கார்டரை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்பாவுக்கு யாரோ பாடகியோடு தொடுப்பு இருந்திருக்கிறது, அந்தப் பொறாமையில்தான் ஆத்தா அவரைச் சிறை வைத்துவிட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டினான். அன்று படி இறங்கியவன் அதன் பிறகு அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

பத்து மணிக்கு வந்தார்கள். முருகப்பனோடு துர்காதேவி என்ற பெண். யாரும் கவனிக்காமல் விட்ட பழைய பாட்டுகளைத் தேடி எடுத்துத் திரும்ப வெளியிடுவது அவள் வேலை. பழைய பொருள் கடையில் அந்த இரண்டு சிடிகளும் தற்செயலாக அவள் கையில் சிக்கியிருக்கின்றன. அவள்தான் முருகப்பனைத் தேடிப் பிடித்து, மூன்றாவது பதிவு ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

“வாங்க... உக்காருங்க. பணியாரம் சாப்பிடுறீகளா?”

துர்கா தட்டை வாங்கிக்கொண்டாள். முருகப்பன் தூணைப் பார்த்தபடி, “எனக்கு வேணாம். வேலைய முடிச்சுட்டுக் கெளம்பணும்” என்றான்.

சிகப்பி துர்காவின் எதிரில் உட்கார்ந்தாள். வளவு முற்றத்தின் நடுவே விழுந்த வெயிலில் ஒரு புறா வந்து நடந்துவிட்டுப் போயிற்று.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்த்தா. பாவம் வயசானவருன்னு பாக்காம, உள்ளதச் சொல்லணும். அந்தப் பாட்டெல்லாம்... எப்படி இருக்கு?”

துர்கா தட்டைக் கீழே வைத்தாள்.

“ஆச்சி, அவர் சினிமாப் பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். அது ஊருக்காக எழுதினது. கேட்டா ஆடத் தோணும், மறுநாள் மறந்துரும். ஆனா இந்தப் பாட்டுல ஒரு சொல்லக்கூட எடுக்க முடியல. வரிக்கு நடுவுல விடுறாரே ஒரு இடைவெளி... எல்லாரும் அதத் திணறல்னு எழுதிட்டாங்க. எனக்கு அப்படித் தோணல. அடுத்த சொல்லு வருமா வராதான்னு நம்மளையும் கூட உக்கார வச்சுக் காக்க வைக்கிறாரு. ரெண்டாவது சிடில மொத சிடிய விடச் சொல்லு கம்மி. ஆனா பாரம் ஜாஸ்தி. அவர் எழுதினதுலயே இதுதான் பெருசுன்னு நான் நெனைக்கிறேன். பாவம் பாத்துச் சொல்லல. அப்படிப் பாவம் பாக்குறதுக்கு அவர்கிட்ட என்ன இருக்கு?”

சிகப்பியின் கண் நிறைந்தது. எழுந்து உள்ளே போய், பீரோவைத் திறந்து, ரெக்கார்டரைக் கொண்டுவந்து துர்காவின் கையில் வைத்தாள். விசாலி மூக்கில் விரலை வைத்தாள்.

துர்கா அதற்கு மின்சாரம் கொடுத்து, ஒரு சின்ன ஒலிபெருக்கியில் மாட்டினாள்.

முதலில் காற்றாடி சுற்றும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அந்தக் குரல்.

“பாட்டு எழுதினது... பாடுறது...”

நின்றுவிட்டது. காற்றாடி சுற்றியது. தெருவில் ஏதோ வண்டி போனது. பதிவு முடிந்துவிட்டதோ என்று துர்கா கருவியைக் குனிந்து பார்த்தாள். அப்போது, மிகத் தாழ்ந்த ஒரு பெண்குரல்:

“சத்தியமூர்த்தி.”

“ஆங்... சத்தியமூர்த்தி” என்றது ஆண்குரல். உடனே பாட்டு தொடங்கியது.

“கேட்டியாடி! கேட்டியா!” விசாலி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “என்ன திமிரு இருந்தா என் தம்பி பேர மொட்டையாச் சொல்லுவா! கட்டுனவ சொல்லுவாளா? நம்மவுகள்ல எவளாச்சும் சொல்லுவாளா?”

முருகப்பன் எழுந்து நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது.

“துர்கா, அந்த மொத அரை நிமிஷத்த வெட்டிருங்க. பாட்டுலேருந்து ஆரம்பிச்சாப் போதும். என்ன இருந்தாலும் எங்க ஆத்தாவுக்கு... அது அசிங்கம். உலகம் பூராக் கேக்க வேணாம்.”

“வெட்டினா அவர் பேரும் போயிருமே சார். மத்த ரெண்டுலயும் பேரு சொல்லித்தான ஆரம்பிக்கிறாரு?”

“பேர அட்டைல போட்டுக்கலாம்.”

துர்கா தயங்கினாள். பிறகு, “உங்க இஷ்டம் சார்” என்றாள்.

சிகப்பிக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த அரை நிமிஷம் போய்விட்டால் ரகசியமும் போய்விடும். அவருக்குக் கொடுத்த வாக்கு முழுசாக நிற்கும். பழி தன்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், அது பழகிப்போயிற்று. ஆனால் பெயர்? தன் பெயரைத் தன் பாட்டில் கேட்க வேண்டும் என்று ஆயுசு முழுக்க ஏங்கிய மனுஷனுக்கு, கடைசிப் பாட்டில் பெயர் இல்லாமல் போவதா? அதை அறுத்து எறியப் பெற்ற பிள்ளையே சொல்வதா?

“வெட்டக் கூடாது.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“எவளோ ஒருத்திக்கு வக்காலத்தா ஆத்தா?” முருகப்பன் கத்தினான். “இப்பவாச்சும் சொல்லுங்க. யாரு அவ?”

சிகப்பி மகனைப் பார்த்தாள். அவனுக்கு மாமனார் பெயர் வைத்திருந்ததால் அவனைக்கூட அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை, தம்பி, தம்பிதான். சின்ன வயதில் இளையாத்தங்குடிக் கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால், அவள் குனிந்து அவன் தோளைத் தொடுவாள். அவன்தான் கோயில் அதிர அப்பாவின் பெயரைச் சொல்வான்.

அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“சத்தியமூர்த்தி” என்றாள்.

குரல் இன்னும் கிழடு தட்டியிருந்தது. ஆனால் அதே தாழ்ந்த குரல். அதே இழுப்பு.

முருகப்பன் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசாலியின் கை நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

“நீங்களா...” என்றான் முருகப்பன். “நீங்களா ஆத்தா?”

“அவுகளுக்குப் பேரு மறந்துபோச்சு தம்பி.”

மெல்ல மெல்லச் சொன்னாள். சென்னையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. தம்ளரைக் காட்டி, “அந்த... தண்ணி குடிக்கிறது...” என்பார். மதுரையில் டாக்டர் மறதி நோய் என்றார். சொற்கள் ஒவ்வொன்றாகப் போகும், திரும்பாது என்றார். அவர் வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“‘சொல்ல வச்சுப் பொழச்சவன்டி நான். நோவுன்னு தெரிஞ்சா எல்லாரும் ஐயோ பாவம்னுதான் கேப்பாக. பாட்டு எப்படி இருக்குன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். யாருக்கும் சொல்லாத, நம்ம பிள்ளைக்குக்கூடச் சொல்லாத’ன்னாக. சரின்னுட்டேன்.”

“அப்ப அந்த மியூசிக் டைரக்டர...” விசாலியின் குரல் உடைந்தது.

“உள்ள விட்டா உக்காந்து பேசுவாகளே ஆச்சி! பேசினா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சுபோகுமே! தம்பிய உக்கார விட்டாலும் அதே கததான். உன் பேரு வராம ஒருநா அவுக பட்ட பாடு... நீ போனதும் செவுத்துல முட்டிக்கிட்டு அழுதாக தம்பி.”

ஒரு வரி தோன்றினால் அவளிடம் சொல்வார். அவள் அதை மனசில் வைத்துக்கொள்வாள். மறுநாள் அவருக்கே அது நினைவிருக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு வரி பாடி நிறுத்துவார். அடுத்த வரியை அவள் சத்தமில்லாமல் உதட்டால் சொல்வாள். அவர் அந்த உதட்டையே பார்த்து, சொல்லைப் பிடித்து, பாடுவார். எழுதியது அவர், பாடியது அவர். நடுவில் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தது மட்டும் அவள்.

“அன்னைக்குப் பேரே வரல. உதட்டால சொல்லலாம்னா... சொல்லிப் பழகாத பேரு, எனக்கு வாய் எந்திரிக்கல. அவுக கண்ணு என்னப் பாத்துக்கிட்டே இருக்கு. பச்சப்புள்ள மாதிரி. அதான் சத்தமாவே வந்துருச்சு. தப்பாச் சொல்லியிருந்தா சாமி என்ன மன்னிக்கட்டும்.” அவள் துர்கா பக்கம் திரும்பினாள். “நோவுன்னு தெரியாமலே நீ நல்லாருக்குன்னு சொன்ன பாரு... அது போதும்த்தா. இனிமே சொன்னா அவுக கோவிச்சுக்க மாட்டாக.”

முருகப்பன் அவள் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. “உங்களப் போயி... உங்களப் போயி நான் என்னென்னமோ...” சிகப்பி அவன் தலையில் கை வைத்தாள். அந்தத் தலையைத் தொட்டு எத்தனை காலமாயிற்று!

விசாலி தள்ளி நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அருகில் வந்தாள். “என் வாயி வெந்துபோகட்டும் சிகப்பி. தெனமும் உன் காபியக் குடிச்சுக்கிட்டே உன்ன வஞ்சேனே...”

“விடுங்க ஆச்சி. நீங்க தெனமும் வந்து வையலைன்னா இந்த வீட்டுல பேச்சுச் சத்தமே இருந்திருக்காது.”

அழுதபடியே விசாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறிப்போன பணியாரத்தை முருகப்பன் எடுத்துத் தின்றான். கண்ணீரோடுதான் தின்றான். மிளகாய்த் துவையல் காரம் என்று சொல்லிக்கொண்டான். துர்கா எதையும் வெட்டப் போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பதிவை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள்.

காற்றாடி. செருமல். அந்த நீண்ட மௌனம். பெயர். பிறகு பாட்டு.

“கதவத் தொறந்தது யாரு...”

குரல் நின்றது. முருகப்பன் ஆத்தாவைப் பார்த்தான். அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அசைந்து முடித்ததும் ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் வந்தது.

“காத்துன்னு சொன்னா காத்து.
கையப் பிடிச்சது யாரு...”

மறுபடி மௌனம். இந்தத் தடவை நீளமானது. வளவில் வெயில் ஒரு கல் தள்ளிப் போயிருந்தது. சிகப்பியின் உதடுகள் மெல்லப் பிரிந்து, கூடின.

“நீன்னு சொன்னா... நீ.”