நிமிர்த்திய லிவர்

மனித இனம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, மன்னிப்புக் கேட்டதால் சரியாகிவிட்ட பொருள் ஒன்றுகூடக் கிடையாது. உடைந்த சக்கரத்தை ஆணி சரிசெய்தது. ஒழுகிய குழாயை நட்டு சரிசெய்தது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கள் தங்களுக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட கருவிதான் மன்னிப்பு. இதை நான் கல்லூரி விடுதியின் மொட்டைமாடியில் நின்று பலமுறை அறிவித்திருக்கிறேன். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முழுவதும் கைதட்டி ஏற்றுக்கொண்ட கொள்கை இது.

இந்தக் கொள்கைக்கு நேர் எதிரான மனிதர் என் மாமா. அக்காவின் கணவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் சோதிப்பது அவர் வேலை. கம்பி வடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் லிப்டை நிறுத்திப் பூட்டிவிடுவார். அப்புறம் பதினான்கு மாடி மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களிடம் ஆளுக்கொரு மன்னிப்புக் கேட்பார். மேசை முனையில் இடித்துக்கொண்டால் மேசையிடம் "சாரிப்பா" என்பார். தன் டூரிங் பைக்கை ஸ்டார்ட் செய்யும்போது, "தூங்கிட்டு இருந்தியா? சாரிடா" என்று டேங்கைத் தட்டிக்கொடுப்பார். விடுதியில் நான் செய்துகாட்டும் மிமிக்ரிகளில் அதிகக் கைதட்டல் இதற்குத்தான்.

அந்த வண்டியை அவர் நான்கு மாதங்களுக்கு முன்னால்தான் வாங்கினார். பழைய வண்டி. இருநூற்றுமுப்பது கிலோ. இருபுறமும் பெட்டிகள், முன்னால் காற்றுத் தடுப்பு, பின்னால் ஒருவர் சாய்ந்து உட்கார மெத்தை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் முதல்முறையாக அக்காவும் மாமாவும் ஐந்து நாள் பயணம் போவதாக இருந்தது. ஞாயிறு விடியற்காலை கிளம்ப வேண்டும். மாமா வெளியூர் வேலையை முடித்துவிட்டுச் சனிக்கிழமை மாலை வருவார். விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"கழுவி மட்டும் வை, மாப்ள. ஓட்டாத."

"சரி மாமா."

வியாழக்கிழமை மதியம் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அங்கே ஒரே மங்கல்தான். ஈரச் சிமெண்டு வாசனை, டயர் வாசனை, எங்கோ சொட்டும் தண்ணீர். ஆள் அசைந்தால் எரியும் விளக்குகள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் அணைந்துவிடும். நடக்க நடக்கத் தலைக்கு மேல் ஒவ்வொன்றாக எரிந்து, பின்னால் ஒவ்வொன்றாக அணையும்.

கழுவினேன். பிறகு, கழுவிய வண்டியை ஒரு சுற்று சுற்றிக் காயவைப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றியது.

தூணைச் சுற்றித் திரும்பும்போது விழுந்தேன். வேகம் என்று அதைச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஆமை வந்திருந்தால் ஹாரன் அடித்திருக்கும். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருந்த நேரத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். வண்டி ஒரு பெருமூச்சுடன் வலது பக்கம் படுத்துக்கொண்டது.

இஞ்சினை அணைத்தேன். தூக்க முயன்றேன். இந்த எடையைத் தூக்க ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை அண்டக்கொடுத்து, கால்களால் தரையை உதைத்துப் பின்னாலேயே நடக்க வேண்டும். மூன்று முறை நழுவியது. நான்காவது முறை வண்டி திடீரென்று இலேசானது. மறுபக்கத்திலிருந்து யாரோ கைகொடுத்ததுபோல அலுங்காமல் எழுந்து நின்றது.

"தேங்க்ஸுங்க" என்று திரும்பினேன்.

யாரும் இல்லை.

என் உடல் பலத்தைப் பற்றி எனக்கு அன்றைக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

சேதம் பெரிதில்லை. கண்ணாடி திரும்பியிருந்தது. இண்டிகேட்டர் கழன்று வயரில் தொங்கியது. பெட்டியில் கீறல். முன் பிரேக் லிவர் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து, யாரையோ வாவென்று கூப்பிடும் விரல்போல நின்றது.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை பார்த்தேன். கண்ணாடியைத் திருப்பி முடுக்கினேன். இண்டிகேட்டரை ஒட்டினேன். நசுங்கிய பிளாஸ்டிக்கை அக்காவின் ஹேர் டிரையரால் சூடாக்கி உள்ளிருந்து அழுத்திச் சமன் செய்தேன். கீறலுக்குக் கறுப்பு பெயிண்ட். கேட்டால் சொல்லிவிடலாம் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்தேன். கேட்கவே மாட்டார் என்கிற அளவுக்கு வேலை நன்றாக வந்தது.

லிவர்தான் பிரச்சினை. நான் பார்த்த எல்லா வீடியோவிலும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். லிவர் அலுமினியம். ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தாதே, மாற்று. ஆனால் புதிய லிவர் வருவதற்குப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள் என்றால் மாமாவிடம் சொல்ல வேண்டும்.

கழற்றினேன். அடுப்பில் சூடாக்கினேன். குழாய்க்குள் செருகி நெம்பினேன். அழகாக நிமிர்ந்தது. திருப்பிப் பார்த்தபோது, திருகாணித் துளைக்குப் பக்கத்தில், அடிப்புறமாக, ஒரு கோடு ஓடியிருந்தது. முடியைவிட மெல்லிசு.

நான் அதைப் பார்த்தேன்.

அதன்மேல் இரண்டு கோட்டிங் கறுப்பு பெயிண்ட் அடித்தேன்.

கீழ்த்தளத்தில் லிவரை மாட்டிக்கொண்டிருந்தபோது என் விளக்கு அணைய வேண்டிய நேரம் வந்தது. குனிந்து, விரல்களை மட்டும் அசைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். வரிசையில் இருந்த விளக்குகள் அணைந்தன. என் தலைக்கு மேலிருந்ததும் அணைந்தது. வண்டியின் பின்பாதிக்கு மேலிருந்த விளக்கு மட்டும் அணையவில்லை.

அங்கே யாரோ அசைந்துகொண்டிருப்பதாக அந்த விளக்கு நம்பியது.

'டிக்.'

பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் மிதி, மடக்கி வைத்தது, விரிந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று மடக்கினேன். கருவிகளைப் பையில் போட்டேன்.

'டிக்.'

இந்த முறை இரண்டு பக்கமும்.

படிக்கட்டில் நான் ஓடவில்லை. சற்று வேகமாக ஏறினேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா பெட்டிகளில் துணி அடுக்கக் கீழே வந்தாள். போகாமல் இருக்கமுடியாமல் நானும் போனேன்.

"கழுவுனியா, தொட்டு கும்புட்டியா? பளபளன்னு இருக்கே!"

"சும்மா கொஞ்சம் பாலிஷ் போட்டேன்."

"என்னடா, மூஞ்சி செத்துக் கிடக்கு? வேலை செஞ்சு பழக்கமில்லல்ல." சிரித்தாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். முன்னே நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். அவள் முகம் சுருங்கியது.

"நான் ரொம்ப குண்டாயிட்டேனா?"

"ஏன்?"

"இடமே பத்தலைடா."

அந்த மெத்தையில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

அக்கா இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பியது. முழுக்க எழும்பவில்லை. அக்கா மேலே போன பிறகும் பின்சக்கர ஸ்பிரிங் பாதி அமுங்கியே இருந்தது.

எப்படியாவது வேறு லிவர் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. வண்டியின் பழைய சொந்தக்காரர் நேர்த்தியான மனிதர். கருவிப் பையின் உட்புறம் தன் எண்ணை எழுதி வைத்திருந்தார். சரிவுப் பாதையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று கூப்பிட்டேன்.

"சார், உங்ககிட்ட பழைய லிவர் ஏதாவது ஸ்பேர் இருக்குங்களா?"

"கிளட்ச்சா, பிரேக்கா?"

"பிரேக்குங்க."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"வலது பக்கம் விழுந்துச்சா?"

"ஆமாங்க. சும்மா, திருப்பும்போது..."

"நிமித்திட்டியா?"

கட்டைவிரலில் ஒட்டியிருந்த கறுப்பு பெயிண்டைச் சட்டையில் தேய்த்தேன்.

"நானும் நிமித்துனேன், தம்பி." குரல் தாழ்ந்துவிட்டது. "பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரிகிட்ட சொல்லல. வண்டிய கீழ போட்டேன்னு தெரிஞ்சா சிரிப்பா. மறுநாள் மெதுவாத்தான் போனோம். முன்னாடி போன லாரி சட்டுனு நின்னுச்சு. பிரேக்கப் புடிச்சேன். பாதி லிவர் கையோட வந்துருச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல."

"அவங்களுக்கு?"

"அவ பின்னாடி உக்காந்திருந்தா."

சொட்டும் தண்ணீரின் ஒலி எனக்குப் பின்னால் கேட்டது. வைத்துவிடலாம் என்று விரலை நகர்த்தியபோது அவர் கிசுகிசுத்தார்.

"தம்பி, பின்னாடி கால்மிதி... மடக்குனா மடங்கி நிக்குதா?"

மாமா ஐந்து மணிக்கு வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. "ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம் வா" என்று அக்காவைக் கூப்பிட்டார். அக்கா புது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் மூன்று முறை பார்த்துவிட்டு வந்தாள். நான் பின்னாலேயே போனேன். சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் இருந்தது. படிக்கட்டில் அது சின்னதாகிக்கொண்டே வந்தது. கீழ்த்தளத்தை அடைந்தபோது இவ்வளவுதான் மிஞ்சியது:

"மாமா, பிரேக் லிவர் கொஞ்சம் லூஸா இருக்கு போல."

"அப்படியா? வந்து முடுக்கிக்கலாம், மாப்ள."

ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். டேங்கைத் தட்டினார். நாங்கள் மூவரும் அசைந்துகொண்டுதான் இருந்தோம். இருந்தும் விளக்குகள் வரிசையின் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து வந்தன. வண்டிக்கு மேலிருந்தது மட்டும் நின்றது.

பின் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது.

ஒரு ஆள் எடை.

மாமா திரும்பாமலே கேட்டார். "ஏறிட்டியா?"

என் பக்கத்தில் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்த அக்கா சொன்னாள். "இருங்க, இன்னும் இல்ல."

"இறங்குங்க மாமா!" அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "நான் வண்டிய கீழ போட்டுட்டேன். லிவர் வளைஞ்சிருச்சு. நிமித்தி மாட்டிட்டேன். இறங்குங்க!"

மாமா இஞ்சினை அணைத்தார். லிவரை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும் அளவுக்குத்தான் இழுத்தார்.

பட்டென்று ஒடிந்து சிமெண்டில் விழுந்தது.

அவர் அதைக் குனிந்து எடுத்தார். ஒடிந்த இடத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். புதிதாக ஒடிந்த இடம் பளபளத்தது. ஓரத்தில், பெயிண்ட் உள்ளே இறங்கிய ஒரு பகுதி மட்டும் கறுப்பாக இருந்தது. வடங்களில் இழை எண்ணிப் பழகிய கண். அவர் என்னைத் திட்டவில்லை.

"இந்தக் கிராக்க பாத்தியா?"

"பாத்தேன்."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பின்னாடி நான்தான் உக்காரப் போறேன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

அவள் ஹெல்மெட்டோடு படியேறிப் போனாள். நான் அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை இருவரும் பஸ்ஸில் போனார்கள். மாமா வந்து சொல்லிக்கொண்டு போனார். அக்கா வரவில்லை.

அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் புது லிவர் வந்தது. அன்றைக்குள் நான் இருபது விதமாக வாக்கியம் அமைத்துப் பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் ஏதாவதொரு நகைச்சுவை இருந்தது. அக்கா மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்றேன்.

"தப்பு பண்ணிட்டேன்கா. மன்னிச்சிடு."

அவள் அந்தப் பக்கத்தைத் திருத்தி முடித்தாள். மதிப்பெண் போட்டாள். தாளைத் திருப்பிப்போட்டாள்.

"சரி. போய் லிவர மாட்டு."

மதியம் கீழே போனேன். மாட்டினேன், திருகாணியை முடுக்கினேன், பத்து முறை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. கொள்கைப்படி அத்தோடு நான் மேலே போயிருக்க வேண்டும்.

சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். வண்டியின் பின்பக்கம் போய் நின்றேன். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. பழைய சொந்தக்காரரின் மனைவிக்கு எத்தனை வயது, எப்படிக் கூப்பிடுவது, எதுவும் தெரியாது.

"அன்னைக்கி தூக்கிவிட்டீங்க. நான்..." ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "மன்னிச்சிடுங்க."

எதுவும் அசையவில்லை. தண்ணீர் சொட்டுவதும் நின்றிருந்தது. மாமா செய்வதுபோல ஆறுதலாகத் தட்டிக்கொடுக்கலாம் என்று பின் சீட்டின்மேல் கையை வைத்தேன்.

வண்டி பத்து நாளுக்கு மேலாக ஓடவில்லை. அங்கே வெயிலும் வருவதில்லை.

கைக்கு அடியில் வெதுவெதுப்பாக இருந்தது. மெத்தையின் ரெக்சின் இல்லை. பருத்தித் துணி. மடிப்பு மடிப்பாக. அதற்கு அடியில், மெத்தென்று, ஒரு பெண்ணின் மடி.

கையை எடுத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன், இன்னும் தாழ்ந்த குரலில். இது வேறு மன்னிப்பு.