பதினொன்றாம் வில்லை

கடல் ஓணான்கள் சாயங்கால வெயிலுக்கு முகம் காட்டித்தான் படுத்திருக்கும். இன்று அத்தனையும் வெயிலுக்கு முதுகைக் காட்டி, தீவின் உட்பக்கம் பார்த்துக் கிடந்தன. பன்னிரண்டு வருடமாக ஃபெர்னாண்டினா தீவில் பயணிகளை இறக்கி ஏற்றும் வழிகாட்டி யாஹைராவுக்கு அது பிடிக்கவில்லை.

கப்பலிலிருந்து தீவுக்குத் தனியாகத் திரும்பி வந்திருப்பதும் பிடிக்கவில்லை. கப்பலேறும் பயணி தன் எண் வில்லையைப் பலகையில் திருப்பி மாட்ட வேண்டும். பதினொன்று மட்டும் திருப்பப்படாமல் தொங்கியது. ஓட்மார், சுவிஸ் கிழவர். கரையில் தலை எண்ணும்போது யாரோ பறவையைக் காட்டச் சொல்லி இழுத்தார்கள். எண்ணிக்கை பாதியில் நின்றது. தப்பு அவளுடையதுதான். உரிமம் போனால் போகட்டும், அந்த மனுஷன் தண்ணீரில்லாமல் பாறையில் கிடப்பாரே!

"ஆறு மணிக்குள்ள வந்துடு ஜெஃபா. இல்லேன்னா உன்னையும் ஓணான் கணக்குல சேத்துடுவேன்" என்றான் படகோட்டி வில்மர். ஜெஃபா, அதாவது தலைவி, என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

"வாயை மூடிட்டு படகைப் பாரு."

காலடியில் எரிமலைப் பாறை அப்பளம்போல நொறுங்க, பறவை எச்சமும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம் மூக்கில் ஏற, ஓணான்கள் உப்பைத் தும்மும் சத்தம் இருபுறமும் கூடவே வர, அவள் கரையின் முனைவரை நடந்தாள். வில்மரின் படகு தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. வழிகாட்டிக்கு வில்லை கிடையாது. தான் திரும்பாவிட்டால் எந்தப் பலகையும் சொல்லாது என்று நினைத்ததும் அழுகை வந்தது.

ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட். பாறைமேல், அவளுக்கு முதுகு காட்டி நின்றது.

"ஓட்மார்! ஐயா!"

திரும்பவில்லை. கிட்டே போனாள். தும்மல்கள் நின்றுவிட்டன.

இடுப்பில் வாக்கி டாக்கி கரகரத்தது. கேப்டன். "யாஹைரா, கிழவர் கேபின்ல குறட்டை விடுறாரும்மா. வில்லையைத் திருப்ப மறந்துட்டாராம். நீ கிளம்பி வா."

அவள் நின்றாள்.

ஜாக்கெட்டுக்குக் கீழே கால்கள் இல்லை. ஓணான்கள். ஒன்றின்மேல் ஒன்று. ஆள் உயரத்துக்கு. கழுத்துக்கு மேலேயும்.

பின்வாங்கினாள்.

ஜாக்கெட்டின் தோளிலிருந்து, ஒன்றன் வாலை ஒன்று கவ்விய ஓணான்களாக, ஒரு கை மெல்ல எழுந்து அசைந்தது.

தூரத்தில், படகில் எழுந்து நின்று, வில்மர் பதிலுக்குக் கையசைத்தான்.