நடுவில் நின்ற முள்

புதன்கிழமை, காலை எட்டு மணி.

பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் போகிற ரோட்டில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பேனட் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மழை விடவில்லை. பின் சீட்டில் ராசாத்தி படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. உயிர் இல்லை.

டிரைவர் ஆண்டி நடுரோட்டில் நின்று கை நீட்டினான். கார்கள் ஒதுங்கிப் போயின. நனைந்த ஆள் கை நீட்டினால் குடிகாரன் என்றுதான் நினைப்பார்கள். குடிக்கவில்லை என்று தெரிந்தாலும் நிறுத்த மாட்டார்கள். கடைசியில் 108 வந்தது. நாடி பார்த்தார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள்.

அடுத்து ராசாத்தியின் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆண்டியைக் கன்னத்தில் அறைந்தார்.

மத்தியானத்துக்குள் புகார் வந்துவிட்டது. கொடுத்தவர் ராசாத்தியின் புருஷன் வேலுமணி. ஏரிக்கு மேற்கே தோட்டமும் கோழிப்பண்ணையும் உள்ளவர். மரவள்ளி விற்க ஆத்தூர் போய் அங்கேயே ராத்தங்கியவர், செய்தி கேட்டு ஓடி வந்திருந்தார். 'எஞ்சின் சூடு ஏறியதை மீட்டரில் பார்க்காமல் ஓட்டி, வண்டியை வழியில் நிறுத்தி, நெஞ்சு வலியில் கிடந்த என் சம்சாரத்தைக் கொன்றுவிட்டான்.' இதுதான் புகார்.

வண்டி ஆய்வாளர் வந்தார். பேனட்டைத் திறந்து பார்த்தார். எஞ்சின் சூட்டில் ஜாம், டிரைவர் கவனக்குறைவு என்று எழுதினார். மழையில் அதிக நேரம் நிற்க அவருக்கு மனசில்லை.

வியாழன் காலை சப்-இன்ஸ்பெக்டர் நர்மதாவின் மேஜைக்கு ஃபைல் வந்தது.

"சாயங்காலம் ரிமாண்டு," என்றார் இன்ஸ்பெக்டர். "டிரைவர்கிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கி முடிச்சிருங்க."

ஆண்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"கார் இருக்கறப்ப ஜீப்பை எதுக்கு எடுத்த?"

"தோட்டத்துத் தடம் பூராச் சேறுங்க. கார் இறங்குனா அங்கயே பொதைஞ்சுக்கும். 108-ம் உள்ள வராது. ஜீப்புன்னா நாலு சக்கரமும் இழுக்கும். அதான் எடுத்தனுங்க."

"எஞ்சின் கொதிக்கிறது உனக்குத் தெரியல?"

"முள்ளு நடுவுலதானுங்க இருந்துச்சு."

"எப்ப இருந்து?"

"ஊட்டுல எடுத்ததுல இருந்தே நடுவுலதானுங்க. கடைசி வரைக்கும் அசையல."

"ஆவி வந்துச்சே?"

"மழைத் தண்ணி எஞ்சின்ல பட்டு வருதுன்னு நெனச்சனுங்க. முள்ளத்தான் திரும்பத் திரும்பப் பாத்தேன். அது சரின்னு சொல்றப்ப நான் எதுக்கு நிறுத்தோணும்? பின்னாடி அம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு இருக்காங்க."

"இதுக்கு முன்ன சூடு ஏறியிருக்கா?"

"வெயில் நாள்ல ஏறும். நிறுத்தித் தண்ணி ஊத்துவேன். ரேடியேட்டர் அடைச்சிருக்குதுங்கன்னு அய்யாகிட்டச் சொன்னேன். பாக்கலாம்னாரு."

பிறகு அவனாகவே சொன்னான்.

"அம்மா வழியில ஒருக்காக் கும்பிடக் கையத் தூக்குனாங்க. எப்பவும் மீட்டருக்கு மேல பித்தளை முனியப்பன் ஒண்ணு ஒட்டியிருக்கும். நேத்து இல்லைங்க. 'சாமி எங்கடா ஆண்டி?'ன்னாங்க. அதுதான் கடைசிப் பேச்சு."

"யாரு எடுத்தா?"

"தெரியாதுங்க. செவ்வாக்கிழமை நான் லீவு."

நர்மதா எழுதிக்கொண்டாள். மாட்டிக்கொண்டவன் எவனும் மீட்டரைத்தான் குற்றம் சொல்வான். அவள் அதையும் நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு வேலுமணியின் வீடு. உறவுக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செத்த வீட்டில் சத்தமாக அழுகிறவனையும் நம்பக் கூடாது, அழாதவனையும் நம்பக் கூடாது. வேலுமணி கொஞ்சம் அழுதார், கொஞ்சம் நிறுத்தினார்.

"உக்காருங்க அம்மிணி."

"எஸ்.ஐ.ன்னு கூப்பிடுங்க."

டீப்பாயில் ஃபைலை வைக்க இடமில்லை. நர்மதா அங்கிருந்த சின்னப் பித்தளைச் சிலையை நகர்த்தினாள். அடியில் பழைய பசை. விரலில் ஒட்டிக்கொண்டது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆண்டி உங்களுக்கு ஃபோன் பண்ணினானா?"

"பண்ணுனானுங்க. அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஜீப்புல கூட்டிட்டுப் போறேன்னான். 'மெதுவாப் போடா'ன்னு நான் சொன்னனுங்க. அத்தனை தூரம் சொல்லியும் கேட்டானா?"

"பாவி, கேக்கலையே!" என்றார் ராசாத்தியின் அண்ணன். கூட்டம் தலையாட்டியது. நர்மதாவும் அதை எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்து போலீஸ் ஜீப்பில் ஏறினாள். அரை மணிக்கு மேல் நின்ற வண்டி. சாரல் பேனட்டைக் குளிர வைத்திருந்தது. அவளே ஓட்டினாள். ஏரிக்கரை வந்தபோது எதற்கோ மீட்டரைப் பார்த்தாள். சூட்டு முள் அப்போதுதான் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தாள்.

பக்கத்தில் இருந்த ஏட்டு முன்னால் போய் முட்டிக்கொண்டார். "ஏனுங்க மேடம், ஆடு எதாச்சும் குறுக்க வந்துச்சுங்களா?"

"இல்ல. ஒரு பொய் வந்துச்சு."

ஸ்டேஷன் பின்கட்டில் வேலுமணியின் ஜீப் நின்றது. நேற்றிலிருந்து எஞ்சின் ஓடவில்லை. இனி ஓடப் போவதும் இல்லை. கையை வைத்தாள். கல் மாதிரி சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினாள். முள் எழுந்து நடுவில் வந்து நின்றது.

"செத்த எஞ்சினுக்கு ஏதுங்க சூடு?" என்றார் ஏட்டு.

எஞ்சினில் சூடு பார்க்கிற சென்சார் இருந்தது. அதிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றினாள். முள் விழ வேண்டும். விழவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து டார்ச் அடித்தாள். எல்லா ஒயரிலும் ஒரே புழுதி. ஒன்றில் மட்டும் புது டேப். பிரித்தாள். மீட்டருக்கு வரும் ஒயரை வெட்டி, அரிசி அளவுள்ள ஒரு ரெசிஸ்டரை வைத்து வண்டியின் இரும்பு பாடியோடு முறுக்கியிருந்தார்கள். எஞ்சின் எரிந்தாலும் உறைந்தாலும் மீட்டர் நடுவிலேயே நிற்கும்.

தலையைத் தூக்கியவள் மீட்டருக்கு மேலே பார்த்தாள். புழுதிக்கு நடுவே சுத்தமாக ஒரு சின்ன வட்டம். ஓரத்தில் பசை.

கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு மணிக்கு ஜீவானந்தத்தின் பட்டறை. அந்த ஊர் வண்டிகளை எல்லாம் பார்க்கிற மெக்கானிக். ரெசிஸ்டரை நீட்டியதும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"உன் வேலையா?"

"ஆமாங்க. செவ்வாக்கிழமை காலைல."

"யார் சொல்லி?"

"அத மட்டும் கேக்காதீங்க மேடம். நான் இந்த ஊர்ல பொழைக்கோணும்."

"ஒருத்தன் ஜெயிலுக்குப் போறான்."

"தெரியுங்க." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கையெழுத்து மட்டும் கேட்டுறாதீங்க."

நான்கு மணி. மறுபடியும் வேலுமணியின் வீடு. நர்மதா அவரையும் ராசாத்தியின் அண்ணனையும் மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஜீப்பை விக்கப் போறீங்களா?"

"இல்லைங்களே. யாரு சொன்னா?"

"இந்த முனியப்பன்." சிலையைக் கவிழ்த்துக் காட்டினாள். "வண்டிய விக்கிறவங்க மொதல்ல சாமியப் பேத்து ஊட்டுக்குள்ள வெச்சுக்குவாங்க. வண்டிய விப்பாங்க, சாமிய விக்க மாட்டாங்க. ஜீப்புல இதோட தடம் இருக்கு. அதோட பசை என் கைக்குட்டையில இருக்கு. விக்கிறதை ஆண்டிகிட்டக்கூட நீங்க சொல்லல."

வேலுமணி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அந்த எஞ்சின் சூடு ஏறுற எஞ்சின். வாங்க வர்றவன் ஒரு சுத்து ஓட்டிப் பாத்தாலே தெரிஞ்சுடும். அதனால முள்ளைக் கட்டிப் போட்டீங்க. ஆண்டி லீவு போட்ட நாளாப் பாத்து."

"ஜீவா சொன்னானா?"

"யார் சொல்லிச் செஞ்சான்னு அவன் வாயத் தொறக்கல. பேரை இப்ப நீங்கதான் சொன்னீங்க."

ராசாத்தியின் அண்ணன் வேலுமணியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதெல்லாம் இல்லாமயே நான் கண்டுபிடிச்சிருக்கணும்," என்றாள் நர்மதா. "காலைல நீங்களே சொன்னீங்க. அத்தனை பேரும் கேட்டுத் தலையாட்டினோம். நெஞ்சு வலிக்காரியத் தூக்கிட்டு ஓடுறவன்கிட்ட எந்தப் புருஷனாவது மெதுவாப் போன்னு சொல்லுவானா? சீக்கிரம் போடான்னுதான் கத்துவான். வேகமாப் போனா எஞ்சின் கொதிக்கும்னு உங்களுக்குத் தெரியும். முள் காட்டாதுன்னும் தெரியும். அதை ஏன் சொல்லல? உங்க பக்கத்துல யார் இருந்தா?"

வேலுமணி மச்சானைப் பார்க்காமல் சொன்னார்.

"ஜீப்ப வாங்கற ஆளுங்க. ஆத்தூர்க்காரன். அவன் ஊட்டுலதான் தங்கியிருந்தேன். டீ குடிச்சுட்டு இருந்தோம். வெள்ளிக்கிழமை வந்து வண்டியப் பாக்கறேன்னு சொல்லிட்டு இருந்தான். அப்பத்தான் ஃபோன் வந்துச்சு. அவன் காதுபட முள்ளு பொய்யின்னு எப்படிங்க சொல்றது? மெதுவாப் போனா தாங்கிரும்னு நெனச்சேன்."

"எந்திரிச்சு ரெண்டு எட்டுத் தள்ளிப் போய்ச் சொல்லியிருக்கலாம்."

வேலுமணி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

நர்மதா ராசாத்தியின் அண்ணனைப் பார்த்தாள். அறைந்த கை அது. இப்போது யாரை அறையப் போகிறது என்று காத்திருந்தாள். அந்தக் கை ஜன்னலைச் சாத்தியது.

"தங்கச்சி போயிட்டா," என்றார் அவர் மெதுவாக. "இனித் திரும்ப வரப் போறதில்ல. கல்யாணத்துக்குப் புள்ள ஒண்ணு நிக்குது. அப்பனே ஆத்தாளக் கொன்னான்னு ஊரு பேசுனா எவன் கட்டுவான்? இந்தப் பேச்சு இந்த ரூமோட இருக்கட்டுமுங்க."

"ஆண்டி?"

"புகாரத் திரும்ப வாங்கிக்கறோம். அவன் ஊட்டுக்குப் போகட்டும்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார். கெட்டிக்காரி என்றார். பிறகு சொன்னார்.

"மெக்கானிக் கையெழுத்துப் போட மாட்டான். ஆத்தூர்க்காரன் எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுவான். வண்டிய விக்கவே இல்ல, அப்புறம் மோசடி எங்க? 'மெதுவாப் போ'ன்னு சொன்னதுக்கு எந்தச் செக்‌ஷனைப் போடுவீங்க? வண்டிக் கோளாறுன்னு மூடுங்க."

மூடினாள்.

ஆண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"கருமாதி அன்னிக்கு ஊரே கூடும். முள்ளு நடுவுலதான் நின்னுச்சுன்னு அய்யா வாயால ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்."

நர்மதா போய்ச் சொன்னாள். வேலுமணி தலையாட்டினார்.

கருமாதியன்று ஆண்டி பந்தலுக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்றான். சாப்பிட்டவர்கள் கை கழுவ வந்து அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வேலுமணி மொட்டைத் தலையோடு நின்று, வந்தவர்களைக் கும்பிட்டு வழியனுப்பினார். கடைசி ஆளும் போனார். அவர் ஆண்டி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பந்தலைப் பிரித்தார்கள்.

சுற்று வட்டாரத்தில் அவனை நம்பி யாரும் வண்டியைக் கொடுக்கவில்லை. போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் ஏறி வடக்கே போனான். சம்சாரத்திடம்கூட எந்த ஊர் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஊர் அதையும் பேசியது.

"பாத்தியா? கொன்னவன் எப்படி மூஞ்சியக் காட்டுவான்? அதான் ஓடிட்டான்."